வாசனையை விட்டுவிட்டுப் பேசலாம்

காகிதப் புத்தகமா, கிண்டிலா என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "என்னதான் சொல்லுங்க, அந்த வாசனை வருமா?" என்பார். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போனால் இதை நேரிலேயே பார்க்கலாம். புத்தகத்தை எடுப்பார்கள், நடுவில் பிரிப்பார்கள், மூக்கருகே கொண்டுபோவார்கள். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு கேன்டீன் பக்கம் நடந்துவிடுவார்கள்.

வாசனைக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. புதுப் புத்தகத்தில் மணப்பது அச்சு மையும் பைண்டிங் பசையும். பழைய புத்தகத்தில் மணப்பது காகிதத்தின் சிதைவு. மரக்கூழில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. காலப்போக்கில் அது உடையும்போது வெனிலின் போன்ற வாசனைப் பொருட்கள் ஆவியாகிக் கிளம்புகின்றன. ஐஸ்கிரீமில் சேர்க்கிற அதே வெனிலின்தான். போதாததற்கு, 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நெடுங்காலம் வரை, மை ஊறிப் பரவாமலிருக்க காகிதத்தில் ரோசினும் படிகாரமும் சேர்த்து வந்தார்கள். அதிலிருந்து வரும் அமிலம் காகிதத்தின் நாரை உள்ளிருந்தே அறுக்கிறது. பழைய மலிவுப் பதிப்பொன்றின் பக்க முனையை மடித்தால் அப்பளம் மாதிரி ஒடிந்து கையோடு வருவது இதனால்தான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009இல், இந்த மணத்தை அளந்தே ஒரு புத்தகம் எந்த அளவுக்குச் சிதைந்திருக்கிறது என்று சொல்ல முடியும் என்று காட்டினார்கள். ஆக, நாம் மூச்சை இழுத்து ரசிப்பது புத்தகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதைத்தான்.

அதனால் வாசனையை ஓரமாக வைத்துவிட்டுப் பேசலாம். வாசிக்க எது வசதி என்பது ஒரு கேள்வி. வைத்துக்கொள்ள எதை நம்பலாம் என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் நாம் வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது என் கட்சி.

முதலில் காகிதத்தின் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். காகிதக் கட்சிக்காரர்கள் இதைப் பேசவே மாட்டார்கள்.

நம் பதிப்பாளர்கள் பாரக் கணக்கில்தான் சிந்திப்பார்கள். ஒரு பாரம் என்றால் 16 பக்கம். 20 பாரம் வரவேண்டிய நாவலை 17 பாரத்தில் அடக்கிவிட்டால் காகிதச் செலவு மிச்சம். எப்படி அடக்குவது? எழுத்தைச் சிறிதாக்கு, வரிகளை நெருக்கு, ஓரத்தைச் சுரண்டு. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் பொன்னியின் செல்வனுக்குச் சந்தையில் எத்தனையோ பதிப்புகள். விலை குறைவான ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் உங்களுக்குக் கண் எரிய ஆரம்பித்துவிடும்.

அடுத்தது பைண்டிங். பாரங்களை மடித்து, முதுகில் நூலால் தைத்து, அதன் மேல் அட்டை போடுவது பழைய முறை. அப்படித் தைத்த புத்தகம் மேசையில் மல்லாந்து படுக்கும். இப்போது பெரும்பாலும் முதுகைச் சீவி, சூடான பசையைத் தடவி, அட்டையை ஒட்டிவிடுகிறார்கள். 150 பக்கப் புத்தகத்துக்கு இது போதும். 700 பக்க நாவலுக்கு இதையே செய்தால், நடுப்பக்கத்தைப் பிரிக்கும்போதே முதுகில் 'டப்'பென்று ஒரு சத்தம் வரும். அதோடு அந்தப் புத்தகத்தின் ஆயுள் முடிந்தது. அடுத்த வாசிப்பில் பக்கங்கள் தனித்தனியாக மடியில் விழும். மேல்படிப்பு படிக்கிற ஒரு பெண் ரப்பர் பேண்ட் போட்டுப் பாதுகாக்கும் நாவல் ஒன்றை சமீபத்தில் பார்த்தேன். விலை ஆயிரத்தைத் தாண்டியது. அட்டை மட்டும் மேட் லேமினேஷனில் புத்தம் புதிதாக அப்படியே இருந்தது.

பூச்சிகள் தனிக்கதை. ராமபாணம் என்று எவ்வளவு கம்பீரமான பெயர்! அட்டையிலிருந்து அட்டைவரை நேர்கோட்டில் துளை போட்டுக்கொண்டு போய்விடும். செல் அதைவிட மோசம். சுவரோரமாக வந்து, வெளிப்பக்கம் தெரியாமல் உள்ளேயே தின்று, எடுக்கும்போது கையில் மண்ணைத் தரும். வேப்பிலை, வசம்பு, பாச்சை உருண்டை என்று வீட்டுக்கு வீடு வைத்தியம் உண்டு. எனக்குத் தெரிந்து உண்மையில் பலிக்கிற வைத்தியம், அடிக்கடி எடுத்துப் படிப்பது ஒன்றுதான். தண்ணீர் வந்தால் எந்த வைத்தியமும் பலிக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்தில் குடியிருந்த நண்பர் ஒருவரின் புத்தகங்கள் நனைந்து உப்பி, அலமாரிக்குள் ஒன்றோடொன்று இறுகி, ஒன்றைக்கூட உருவ முடியாமல் போனது. கடைசியில் தச்சரை வரவழைத்து அலமாரியை உடைத்தார்.

வாடகை வீடு மாறுகிறவர்களைக் கேளுங்கள். ஃபிரிட்ஜைத் தூக்கும்போது முகம் சுளிக்காத லோடுமேன், புத்தக அட்டைப்பெட்டியைத் தூக்கும்போது, "என்ன சார் உள்ளே, கல்லா?" என்பார்.

இதையெல்லாம் பார்த்துத்தான் என் வீட்டுக்குக் கிண்டில் வந்தது. எனக்காக அல்ல, அம்மாவுக்காக. இரண்டு கண்ணிலும் புரை அறுவை முடிந்த பிறகும் பொடி எழுத்து அவருக்குச் சரிப்படவில்லை. பூதக்கண்ணாடியை வரி வரியாக நகர்த்திப் படிப்பதற்குப் படிக்காமலே இருந்துவிடலாம் என்று ஆகிவிட்டது. வாழ்நாள் முழுக்க மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் படித்தவர், அந்த நேரத்தில் டிவி சீரியலுக்குப் போய்ச் சேர்ந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் வாங்கினேன்.

"என்னடா இது, சிலேட்டு மாதிரி இருக்கு?" என்றார். கையில் வாங்கி எடை பார்த்தார். சாதாரண மாடல் 158 கிராம். எழுத்தை நாலைந்து படி பெரிதாக்கிக் கொடுத்ததும் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இத எப்படித் திருப்புறது?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குச் சீரியல் ஓடியது, பார்க்க ஆளில்லை.

கிண்டிலுக்கு ஆதரவாக ஆயிரம் வாதம் சொல்லலாம், எனக்கு இந்த ஒன்றே போதும். எழுத்தின் அளவைப் பதிப்பாளர் கையிலிருந்து பிடுங்கி வாசகர் கையில் கொடுத்தது அது. ஓலையிலோ அச்சிலோ இது நடந்ததில்லை.

திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "கம்ப்யூட்டர் மாதிரி கண்ணு கெட்டுடாதா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கைபேசித் திரை பின்னாலிருந்து ஒளியைப் பாய்ச்சுகிறது. கிண்டிலின் மின்மைத் திரையில் லட்சக்கணக்கான நுண்குமிழிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. மின்புலத்தை மாற்றினால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். வந்த துகள் அங்கேயே நிற்கும். அதனால் பக்கத்தை மாற்றும்போதுதான் திரைக்கு மின்சாரம் தேவை. படித்துக்கொண்டிருக்கும்போது தேவையில்லை. உச்சிவெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு படிக்கலாம். இரவில் எரிகிற விளக்கும் திரையின் ஓரத்திலிருந்து எழுத்தின் மேல் விழுகிறது, நம் கண்ணை நோக்கி வருவதில்லை. எம்ஐடியில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து கிளைத்து 1997இல் நிறுவனமாகி, 2004இல் சோனியின் கருவியிலும் 2007இல் கிண்டிலிலும் வந்து சேர்ந்த நுட்பம் இது.

ஆனால் பொன்னியின் செல்வனைக் கிண்டிலில் படித்த அம்மா சீக்கிரமே ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டார். "இன்னும் எவ்வளவு இருக்கு?"

"கீழ பாரும்மா, 43 சதவீதம்னு போட்டிருக்கு."

"அது எந்தப் பாகம்டா? பூங்குழலி வந்தாச்சுல்ல, அது ரெண்டாம் பாகத்துலயா, முதல் பாகத்துலயா?"

எனக்கும் தெரியவில்லை. காகிதத்தில் படித்திருந்தால் தெரிந்திருக்கும். படித்து முடித்த கனம் இடது கையிலும், மீதிக் கனம் வலது கையிலும் இருக்கும். குறிப்பிட்ட ஒரு காட்சி இடப்பக்கத்தில், கீழே, மூன்றாவது பத்தியில் இருந்தது என்று வருஷங்கள் கழித்தும் கண்முன் நிற்கும். கிண்டிலில் எல்லாப் பக்கமும் ஒரே பக்கம்தான். இதை ஆய்வு செய்தும் பார்த்திருக்கிறார்கள். நார்வே ஆய்வாளர் ஆன் மாங்கென் குழுவினர் 50 பேரிடம் ஒரே மர்மக் கதையைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் காகிதத்தில், பாதிப் பேருக்குக் கிண்டிலில், 28 பக்கம். முடிவு 2019இல் வெளியானது. கதையைப் புரிந்துகொண்டதில் பெரும்பாலும் வித்தியாசமில்லை. ஆனால் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று அடுக்கச் சொன்னபோது காகிதத்தில் படித்தவர்கள் முந்திவிட்டார்கள். பொதுவாகத் திரை, காகிதம் பற்றி நடந்த 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றும் உண்டு. கதை படிக்கும்போது வேறுபாடு இல்லை, தகவல் நிறைந்த நூல்களைப் படிக்கும்போது காகிதத்துக்குச் சாதகம் என்றது அது. என் அனுபவமும் இதேதான். வரலாற்று நூலைக் கிண்டிலில் படித்தால் ஆண்டுகள் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

தமிழில் படிக்கிறவர்களுக்குக் கூடுதலாகச் சில தொல்லைகள். கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் முறையாக வந்ததே 2016 கடைசியில்தான். அதற்கு முன்பு ஆர்வலர்கள் தாங்களாகவே கோப்புகளை மாற்றி ஏற்றிப் படித்தார்கள். கடை திறந்ததும் பதிப்பாளர்கள் தங்கள் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் தூசி தட்டினார்கள். அவை அந்தக் காலத்து எழுத்துருக்களில் அடித்தவை. ஒருங்குறிக்கு மாற்றும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றன. அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து எழுத்துணரியிடம் கொடுத்தவர்கள் நிலைமை இன்னும் கஷ்டம். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் மெய்ப்புப் பார்ப்பவரும் தாண்டிப் போய்விடுவார். ஆனால் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஔவையார் பெயரையே பாதிப் பேர் ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்துத்தான் அடிக்கிறார்கள். அவரைத் தேடிப் பிடிப்பது அதியமானுக்கே கஷ்டம்.

எழுத்தைப் பெரிதாக்கினால் இன்னொரு சிக்கல். நம் சொற்கள் நீளம். ஒரு சொல் வரியில் இடம் போதாமல் அடுத்த வரிக்குப் போக, மிச்சமிருக்கும் இரண்டு சொற்களை இரண்டு ஓரத்துக்கும் இழுத்து நிறுத்தி நடுவில் மைதானம் விட்டுவிடும். உரைநடையில் இதைச் சகித்துக்கொள்ளலாம். கவிதையில் முடியாது. குறளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. அந்த வடிவம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஓசையும் காதுக்கு வரும். எழுத்து பெரிதாக இருக்கும்போது குறள் நாலு வரியாகி, கடைசிச் சீர் தனியாக ஒரு வரியில் அனாதையாக நிற்கும். புதுக்கவிதைக்கு இதைவிடப் பெரிய ஆபத்து. கவிஞர் எங்கே வரியை உடைத்தார், கருவி எங்கே உடைத்தது என்றே தெரியாது. கவிதையை நான் கிண்டிலில் வாங்குவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வசதி, வசதிக்குறைவு. அடுத்த மாடலிலோ அடுத்த பதிப்பிலோ சரியாகிவிடக் கூடியவை. எனக்கு உண்மையான உறுத்தல் வேறு.

கிண்டிலில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தும்போது நீங்கள் வாங்குவது படிக்கும் உரிமம். 2009 ஜூலையில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்கள், காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து ஒரே ராத்திரியில் காணாமல் போயின. விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லை என்று தெரிந்ததும் அமேசான் தொலைவிலிருந்தே அழித்துவிட்டது. பணம் திரும்பி வந்தது. ஆனால் பாடத்துக்காகக் குறிப்பெழுதி வைத்திருந்த ஒரு மாணவனின் உழைப்பு வீணானது. அழிந்ததில் ஒன்று '1984'. அரசாங்கம் பழைய பதிவுகளை அழிப்பதைப் பற்றிய நாவல். ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அதுவரை விற்ற புத்தகங்கள் அத்தனையும் வேலை செய்யாமல் போயின. அங்கும் பணம் திரும்பி வந்தது, புத்தகம் வரவில்லை. 2025 பிப்ரவரியில், வாங்கிய கிண்டில் நூலைக் கணினிக்கு இறக்கிக் கம்பி வழியாகக் கருவிக்கு ஏற்றிக்கொள்ளும் வசதியையும் அமேசான் நிறுத்திவிட்டது.

நம் ஜிஎஸ்டியும் இந்த வித்தியாசத்தைத் தெரிந்தே வைத்திருக்கிறது. அச்சுப் புத்தகத்துக்கு வரி இல்லை. அதன் மின்பதிப்புக்கு 5 சதவீதம், 2018 வரை 18 சதவீதம்.

காகிதப் புத்தகத்தை யாரும் ராத்திரியில் வந்து எடுத்துக்கொண்டு போக முடியாது. இரவல் வாங்கும் நண்பர்களைத் தவிர. அந்த வேதனை எனக்கும் உண்டு. ஆனால் யோசித்துப் பார்த்தால், இரவல் போன புத்தகம் எங்கோ ஒரு அலமாரியில் இருக்கத்தான் செய்கிறது, யாரோ படிக்கத்தான் செய்கிறார்கள். திருவல்லிக்கேணி நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகங்களைப் புரட்டுகிறவர்களுக்கு இது தெரியும். முதல் பக்கத்தில் ஊதா மையில் ஒரு பெயர். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் இன்னொரு பெயர். ஏதோ ஒரு கிராமத்து வாசகசாலையின் ரப்பர் ஸ்டாம்ப். 'மணமக்களுக்கு அன்பளிப்பு' என்று எழுதி ஆண்டும் போட்ட திருக்குறள். அந்தத் திருமணத்தில் என்ன நடந்தது, புத்தகம் எப்படி நடைபாதைக்கு வந்தது என்று யோசித்தால் அதுவே ஒரு நாவல். கிண்டிலில் இரண்டாம் கைப் புத்தகம் என்று ஒன்று கிடையாது. என் கணக்கு என்னோடு முடிகிறது, என் பிள்ளைகளுக்கு உயில் எழுதிவைக்க அதில் எதுவும் இல்லை.

காகிதத்தின் உண்மையான கவர்ச்சி என்ன என்று கேட்டால், எங்கள் வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய ஒரு கட்டைத்தான் காட்டுவேன். பாட்டி சேர்த்து வைத்தது. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த பொன்னியின் செல்வனைக் கத்தரித்துச் சேர்த்து, கும்பகோணத்தில் பைண்டு செய்தது. இந்தப் பழக்கம் அந்தக் காலத்தில் பல வீடுகளில் இருந்தது. வாரப் பத்திரிகை வந்ததும் யார் முதலில் படிப்பது என்று சண்டை, எல்லோரும் படித்த பிறகு பின்னை நெம்பித் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்து எடுத்து அடுக்குவது, தொடர் முடிந்ததும் பைண்டரிடம் கொடுப்பது. கருநீலக் காலிகோ முதுகு, சலவைக்கல் கோலம் போட்ட அட்டை. உள்ளே ஓவியர் மணியம் வரைந்த படங்கள், முதலில் வெளியான அதே உருவில். பக்கத்தைத் திருப்பினால் பின்புறம் ஒரு தலைமுடித் தைல விளம்பரம், பாதியில் தொடங்கிப் பாதியில் முடியும் ஏதோ ஒரு சிறுகதை, ஒரு துணுக்கு. ஓர் அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலில் மளிகைக் கணக்கு. துவரம் பருப்பு, நல்லெண்ணெய், எதிரே அணாக்கணக்கு.

இந்தக் கட்டு வாசிக்க லாயக்கில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓரம் வெட்டும்போது பைண்டர் தாராளமாக வெட்டியிருக்கிறார். சில பக்கங்களில் வரிக்குக் கடைசி எழுத்து இல்லை. தையல் பக்கத்தில் மூன்று எழுத்து உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. பழைய பின்களின் துரு இரண்டு புள்ளிகளாகப் பக்கம்தோறும் இறங்கியிருக்கிறது. பூச்சி வராமலிருக்க மாவுப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டுவது பைண்டர்களின் வழக்கம். இவரும் கலந்திருப்பார் போல, ராமபாணம் முதுகை விட்டுவிட்டு மற்ற இடங்களில் விளையாடியிருக்கிறது. அம்மா இதைத் தடவிப் பார்ப்பார், படம் பார்ப்பார், மளிகைக் கணக்கைப் படித்துச் சிரிப்பார். கதையைக் கிண்டிலில்தான் படிப்பார். கிண்டிலில் இருப்பது மதுரைத் திட்டத்தின் இலவசப் பிரதி. ஸ்விட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் தலைமையில் 1998 பொங்கலன்று தொடங்கி, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்த நூல்களில் ஒன்று. யாரிடமும் அனுமதி கேட்காமல் நாலு பேருக்கு அனுப்பலாம். யாரும் வந்து அழிக்க முடியாது. மின்னூலாக இருந்தும் இது நம்முடையது. ஆகவே குறை மின்னூல் என்ற வடிவத்தில் இல்லை, அதன் மேல் போட்ட பூட்டில் இருக்கிறது.

தமிழர்களுக்கு இது வெறும் ரசனைப் பிரச்சினை அல்ல. ஓலையில் இருந்தவற்றை உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து தேடியபோது, பல வீடுகளில் பூச்சி அரித்த மிச்சத்தைத்தான் பார்த்தார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. அதன் பிறகு அது ஒரே வீட்டுச் செல்லுக்குப் பலியாகாது. பிரதிகள் பெருகிவிட்டன. அதற்கு நேர்மாறாக, பிரதி பெருகாத ஒன்று எரிந்தால் எரிந்ததுதான். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. காகிதம் நிலையானது என்று பேசுகிறவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. மறுபடி ஒரு தீ வந்தாலும் உள்ளடக்கம் தப்பிக்கும்.

ஆனால் ஸ்கேன் செய்வதற்கும் முதலில் ஒரு காகிதம் வேண்டும். விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா, பழைய புத்தகம், அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அது இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. ஊரில் பலருக்குப் பழைய பேப்பராகத் தெரிந்திருக்கும் அவை. இன்று அங்கே மைக்ரோஃபிலிமும் இருக்கிறது, டிஜிட்டல் படிவமும் இருக்கிறது, மூலமும் இருக்கிறது. மூன்றும் இருப்பதுதான் பாதுகாப்பு.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்பவர்களுக்கு: ஒருமுறை படித்தால் போதும் என்று தோன்றுகிற நாவல், பயண நேரத்துக் கட்டுரை, நாட்டுடைமை நூல்கள் எல்லாம் கிண்டிலில். கவிதை, வரலாறு, அகராதி, திரும்பத் திரும்பப் போகிற நூல்கள் காகிதத்தில். ஜெயமோகனின் வெண்முரசு மாதிரி 26 நாவல்கள் கொண்ட வரிசைக்கு எந்த விதியும் பொருந்தாது. அதை அவர் எழுதியதே இணையத்தில் தினம் ஒரு அத்தியாயமாக. கெட்டி அட்டைத் தொகுதிகளை வாங்கி அலமாரியில் நிறுத்திவிட்டு, திரையில் படிக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் செய்வது சரி என்றே நினைக்கிறேன்.

பதிப்பாளர்களுக்கு இரண்டு கோரிக்கை. 400 பக்கத்துக்கு மேல் போனால் தயவுசெய்து தைத்துக் கொடுங்கள். அதற்காக ஐம்பது ரூபாய் கூட வாங்கிக்கொள்ளுங்கள், தருகிறோம். மின்னூலை உங்கள் தளத்திலேயே பூட்டில்லாமல் விற்றுப் பாருங்கள். திருடுகிறவன் எப்படியும் திருடத்தான் போகிறான். காசு கொடுக்கிறவனை ஏன் வாடகைக்காரனாக்குகிறீர்கள்?

வாசகர்களுக்கு ஒன்றுதான். பரணைச் சுத்தம் செய்யும்போது பைண்டு செய்த தொடர்கதையோ, பழைய சிறுபத்திரிகையோ, உள்ளூர் அச்சகத்தில் அடித்த கும்மிப்பாட்டுப் புத்தகமோ கிடைத்தால், கிலோ கணக்கில் எடைக்குப் போடுவதற்கு முன் அட்டையையும் முதல் பக்கத்தையும் ஃபோனில் படமெடுத்து ரோஜா முத்தையா நூலகத்துக்கோ, தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கோ, ஈழத்து நூலானால் நூலகம் தளத்துக்கோ அனுப்பிக் கேளுங்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று பதில் வந்தால், அப்புறம் எடைக்குப் போடுங்கள்.